சம்பளச் சீட்டில் இல்லாத 17 வருஷம்

கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2024 ஜனவரியில் இங்கே மொரிஷியஸில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 16,500 ரூபாய் ஆனபோது, எங்கள் ஹோட்டலில் சட்டம் சொன்ன தேதியில், சொன்ன தொகையைக் கொடுத்தோம். யாருக்கும் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. சம்பளப் பட்டியல் போடும் ஆள் என்ற முறையில் எனக்கு அதில் சந்தோஷம்தான்.

அந்த மாதச் சீட்டுகள் கைக்குப் போன பிறகு ஹவுஸ்கீப்பிங்கில் இருக்கும் அக்கா ஒருவர் என் மேசைக்கு வந்தார். கையில் இரண்டு சீட்டுகள். ஒன்று அவருடையது. இன்னொன்று அப்போதுதான் சேர்ந்திருந்த பெண்ணுடையது, அவளே கொடுத்திருக்கிறாள். அடிப்படைச் சம்பளம் இரண்டிலும் 16,500. சி.எஸ்.ஜி. என்ற சமூகப் பாதுகாப்புப் பிடித்தமும் ஒன்றுதான். பஸ் காசு மட்டும் வேறு, அக்கா தூரத்திலிருந்து வருகிறவர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலால் ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கி வந்தார்.

"தம்பி, நான் இங்க வந்து 17 வருஷம். அது இதுல எந்த வரியில இருக்கு?"

மேலே 'சேர்ந்த தேதி' என்று ஒரு சின்னக் கட்டம் உண்டு. அதைக் காட்டினேன். வேறெதுவும் காட்ட இல்லை. அப்புறம், "அக்கா, உங்களுக்கும் கூடித்தானே இருக்கு, குறையலையே" என்றேன்.

"சரிதான்" என்றார். சீட்டுகளை மடித்து ஏப்ரன் பைக்குள் வைத்துக்கொண்டு, "இங்க வேலைக்குப் பையனோட விண்ணப்பம் ஒண்ணு குடுத்திருந்தேனே, அது இருந்தா குடுத்துடுங்க" என்றார். எடுத்துக் கொடுத்துவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது.

நான் சொன்னதில் பொய் எதுவும் கிடையாது. 2018இல் முதன்முதலாக நாடு முழுவதுக்கும் குறைந்தபட்சச் சம்பளம் வந்தபோது அது 8,140 ரூபாய். ஆறு வருஷத்தில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. கரும்புத் தோட்டத்திலும் தையல் ஆலையிலும் காலம் தள்ளிய குடும்பங்களில் பிறந்தவன் இதைக் குறை சொல்ல மாட்டான். கீழே இருப்பவரைத் தூக்கிவிடத்தான் அந்தச் சட்டம். அந்தப் பெண்ணுக்கு 16,500 கிடைத்தது நியாயம். அக்காவும் அதைத் தப்பு என்று சொல்லவில்லை. ஒரு வார்த்தைகூட அவளைப் பற்றிச் சொல்லவில்லை.

அவளுக்கு வேலை பழக்கியதே அக்காதான். விருந்தாளி கிளம்பிய அறையில் முதலில் கதவைத் திறந்து வைத்துக் காற்று விட வேண்டும். மெத்தை விரிப்பின் மூலையை எந்தக் கோணத்தில் மடித்துச் செருகினால் மூன்று நாள் கலையாமல் நிற்கும். ஷவர் வடிகாலில் கடல் மணல் அடைத்துக்கொண்டால் மெக்கானிக்குக்காகக் காத்திராமல் எப்படி எடுப்பது. 2020 மார்ச்சில் எல்லையை மூடியது முதல் 2021 அக்டோபரில் முழுவதும் திறக்கும்வரை ஹோட்டல் வெறிச்சோடிக் கிடந்ததே, அப்போது முறை வைத்து வந்து ஜன்னல்களைத் திறந்து, குழாய்களில் தண்ணீர் ஓடவிட்டு, மெத்தைகளில் பூஞ்சை ஏறாமல் பார்த்துக்கொண்டவர்களில் அவரும் ஒருவர். அரசாங்கம் சம்பள உதவி கொடுத்ததால்தான் அன்றைக்கு எல்லாருக்கும் அடுப்பு எரிந்தது என்பதும் உண்மை.

நிர்வாகத்தின் பக்கமும் எனக்குத் தெரியும். கொரோனாக் காலத்துக் கடன் இன்னும் கழுத்தில் இருக்கிறது. ஆனால் ஒன்று எனக்குப் புரியாமலே இருக்கிறது. 2019இல் ஒரு யூரோ ஏறக்குறைய 40 ரூபாய். 2024இல் 50ஐத் தொட்டுவிட்டது. விருந்தாளி யூரோவில் கட்டுகிறார், நாங்கள் ரூபாயில் சம்பளம் போடுகிறோம். கடலைப் பார்த்த அறைக்கு ஒரு இரவு வாடகையும் அக்காவின் ஒரு மாதச் சம்பளமும் கிட்டத்தட்ட ஒன்று. தீவின் மக்கள்தொகையைவிட அதிகமான பேர், 13 லட்சத்துக்கும் மேல், அந்த வருஷம் வந்து போனார்கள். ஆள் கிடைக்கவில்லை என்று எல்லா ஹோட்டலும் புலம்புகிறது. நேபாளத்திலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் கூட்டி வருகிறோம். நம் பிள்ளைகள் உல்லாசக் கப்பல் வேலைக்குப் போகிறார்கள், கனடா போகிறார்கள்.

விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது கப்பலைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். வேறு பிள்ளைகளிடம் சொல்லித்தான் இருக்கிறேன்: மாதக்கணக்கில் ஒப்பந்தம், வார விடுமுறை கிடையாது, தினமும் பத்து மணி நேரம், காவடிக்கும் தீபாவளிக்கும் வீட்டுக்கு வர முடியாது. அன்றைக்கு வாய் வரவில்லை. மகன் எங்கே போனால் நல்லது என்பது அந்தத் தாயின் முடிவு, நான் குறுக்கே பேச என்ன இருக்கிறது என்று ஒரு மனம் சொல்கிறது. 'இங்கேயே இரு, நின்று நிதானமாக மேலே வரலாம்' என்று மகனிடம் இவ்வளவு காலம் சொல்லி வந்தவர், அதற்கு ஆதாரம் கேட்டுத்தான் என்னிடம் வந்தார் என்று இன்னொரு மனம் சொல்கிறது. நான் காட்டியது ஒரு தேதி.

அந்த வருஷ நடுவிலேயே, குறைந்தபட்சச் சம்பள உயர்வால் சுருங்கிப்போன சம்பள வித்தியாசத்தைச் சரிசெய்யும் விதிகள் வந்தன. அக்காவுக்குக் கொஞ்சம் கூடியது. நானே மேல்மாடிக்குப் போய்ச் சொன்னேன். "நல்லது தம்பி" என்றார், தள்ளுவண்டியில் துண்டுகளை அடுக்கிக்கொண்டே. மகன் அதற்குள் கப்பல் ஏறிவிட்டான். விதிகள் ஜனவரியிலேயே வந்திருந்தால் அந்தக் காகிதம் என் கோப்பிலேயே இருந்திருக்குமோ? அப்படி நினைத்துக்கொள்வது எனக்குச் சௌகரியமாக இருக்கிறது, அதனாலேயே அதை நான் முழுசாக நம்புவதில்லை.

ஹோட்டலின் இந்த வருஷ பட்ஜெட்டுக்கு, சீட்டில் பணிக்காலப் படி என்று தனியாக ஒரு வரி வேண்டும் என எழுதிக் கொடுக்கத் தயாராக வைத்திருக்கிறேன். காரணம் எழுதுவதில் சிரமம் இல்லை, அரைப் பக்கம் வந்துவிட்டது. தொகைதான் நிற்கவில்லை. வருஷத்துக்கு 200 ரூபாய் என்று போட்டால் அக்கா அன்றைக்குக் கேட்ட 17 வருஷத்துக்கு மாதம் 3,400 வரும். மேலே அதைப் படித்த உடனே தள்ளிவிடுவார்கள். 50 என்று போட்டால் ஒருவேளை கையெழுத்தாகும். அப்போது வருவது 850. அதை எடுத்துக்கொண்டு போய் அவரிடம், "இதோ அக்கா, உங்க 17 வருஷம்" என்று என்னால் காட்ட முடியுமா என்று தெரியவில்லை. அந்த இடத்தை இன்னும் நிரப்பவில்லை.