தலையில் அடி, கையில் ஊசி

தெற்கு ஸ்வீடனில் ஜனவரி மாதம் ஐஸில் வழுக்கி விழுவதெல்லாம் ஒரு செய்தியே இல்லை. நான் விழுந்தது பின்மண்டை தரையில் மோதும்படி. சில நொடி நினைவு தப்பியதே பஸ்ஸுக்கு நின்றவர்கள் சொல்லித்தான் தெரியும். வீட்டுக்கு வந்ததும் வாந்தி. மனைவி இங்குள்ள மருத்துவ ஆலோசனை எண்ணான 1177-க்கு போன் போட்டாள். நினைவு தப்பியது என்றதுமே அவசரப் பிரிவுக்குக் கிளம்பச் சொல்லிவிட்டார்கள்.

“எத்தனை மணிக்கு விழுந்தீர்கள்?” என்றார் நர்ஸ். சாயங்காலம் என்றால் விடுவதாக இல்லை. எழுந்ததும் மனைவியைக் கூப்பிட்டிருந்தேன். அவள் போனைத் திறந்து காட்டினாள்: 5.42. அதைத்தான் எழுதிக்கொண்டார். அடுத்த கேள்வி, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை ஏதும் சாப்பிடுகிறேனா என்று. சாப்பிட்டால் நேரே சிடி ஸ்கேன்தானாம். இல்லை என்றதும் கையில் ரத்தம் எடுத்தார்கள்.

“தலையில அடிபட்டா கையில எதுக்கு ஊசி?” என்றாள் மனைவி. டாக்டர் விளக்கினார். மூளையின் துணைச் செல்களில் எஸ்100பி என்று ஒரு புரதம் இருக்கிறது. மூளைக்கு அடிபட்டால் அது ரத்தத்தில் கசியும். சீக்கிரமே குறைந்தும் போகும். ஸ்காண்டிநேவிய நாடுகளின் 2013 வழிகாட்டுதல்படி, என்னைப் போல லேசான அடிபட்டவர்களுக்கு ஆறு மணி நேரத்துக்குள் ரத்தம் எடுக்க வேண்டும். லிட்டருக்கு 0.10 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் ஸ்கேன் இல்லாமலே வீட்டுக்குப் போகலாம். நர்ஸ் மணியைப் பிடித்துக்கொண்டது அதனால்தான்.

எனக்கு வந்தது 0.16.

“அப்ப உள்ளே ரத்தம் கசியுதா?” மனைவிக்குக் குரலே எழும்பவில்லை. டாக்டர் அசரவில்லை. குறைவாக இருந்தால் கசிவு இல்லை என்று ஏறக்குறைய நம்பிவிடலாம். கூடுதல் என்றால் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்றார். இந்தப் புரதம் கொழுப்பிலும் தோலின் நிறமிச் செல்களிலும்கூட உண்டு. ஆசியர்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் சற்றுக் கூடுதலாக இருப்பதாக ஆய்வு உண்டு என்று பிறகு படித்தேன். நம் நிறத்துக்கு இப்படியும் ஒரு வரி!

சிடி எடுத்தார்கள். கசிவு இல்லை. தலைவலி கூடினாலோ, மறுபடி வாந்தி எடுத்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே திரும்பி வரும்படி ஒரு தாளைக் கொடுத்து அனுப்பினார்கள். அன்றிரவு மனைவி என்னைத் தூங்கவே விடவில்லை.

அமெரிக்காவில் ஜிஎஃப்ஏபி, யுசிஎச்-எல்1 என்ற வேறு இரண்டு புரதங்களைப் பார்க்கிறார்கள். படுக்கையருகிலேயே கையடக்கக் கருவியில் 15 நிமிடத்தில் முடிவு சொல்லும் ரத்தப் பரிசோதனைக்கு 2024 ஏப்ரலில் அங்கே அனுமதி கிடைத்தது. அதிலும் கூடுதலாக வந்தால் அடுத்தது ஸ்கேன்தான்.

விஷயம் திருச்சிக்கு எட்டியதும் அம்மா கேட்டாள், “எனக்கும் அடிக்கடி தலைவலி வருதுடா, அந்த டெஸ்ட்டை எடுத்துடட்டுமா?” அது அடிபட்டவர்களுக்கு மட்டும்மா என்றேன். அடியே படாமல், இடி விழுந்த மாதிரி திடீரென்று தலை வலித்தால் ரத்தக்குழாய் வெடித்த கசிவாக இருக்கலாம். அப்போது இந்தப் பரிசோதனைக்கெல்லாம் காத்திருக்கக் கூடாது, நேரே ஆஸ்பத்திரி, சிடி. அதிலும் சந்தேகம் தீராவிட்டால் முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்ப்பார்கள். அம்மாவுடையது, கண்ணாடியை மாற்றச் சொல்லி நாங்கள் வருடக்கணக்கில் கெஞ்சிக்கொண்டிருக்கும் தலைவலி.