காத்து வந்த நேரம்

ஏப்ரல் 10, வியாழன்

மகாவீர் ஜெயந்தி. ஓய்வு பெற்றவனுக்கு எல்லா நாளும் ஒன்றுதான். கறிக்கடை மூடியிருப்பதைப் பார்த்துத்தான் லீவு என்று தெரிந்தது.

மொட்டை மாடியில் வடாம் சீசன் தொடங்கிவிட்டது. விடியக்காலை எழுந்து ஜவ்வரிசிக் கூழ் கிளறி, வெயில் ஏறுவதற்குள் பழைய வேட்டியில் இட்டு முடித்துவிட்டாள் மனைவி. பெங்களூரிலிருந்து பேரன் வரும்வரை காக்கா விரட்டும் உத்தியோகம் எனக்கு.

குடையைப் பிடித்துக்கொண்டு மாடியில் உட்கார்ந்திருந்தபோது லாம்டன் ஞாபகம் வந்தார். 1802-ல் இதே ஏப்ரல் 10-ஆம் தேதிதான் வில்லியம் லாம்டன் பரங்கிமலைப் பக்கம் அளவுச் சங்கிலியை விரித்தார். முக்கோணம் முக்கோணமாக இந்தியாவை அளந்து, கடைசியில் எவரெஸ்ட்டின் உயரம்வரை கணக்குப் போட்ட அந்தப் பெரிய சர்வேக்கு அதுதான் முதல் கோடு. ஏழரை மைல் தூரம். நூறடி எஃகுச் சங்கிலியை நானூறு தடவை எடுத்து எடுத்து வைக்க 57 நாள் ஆயிற்று. வெயிலில் எஃகு நீளுமே! அதனால் சங்கிலியை மரப்பெட்டிக்குள் கிடத்தி, மேலே கூடாரம் போட்டு, பக்கத்தில் தெர்மாமீட்டரும் வைத்தார்கள். சங்கிலிக்குக் கூடாரம் இருந்தது. தூக்கி வைத்த ஆட்கள் சித்திரை வெயிலில் நின்றிருப்பார்கள்.

குடையை மடித்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தேன். பத்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

விசுவாவசு பிறந்தது. அறுபது வருஷச் சக்கரத்தில் இந்தப் பெயர் போன தடவை வந்தது 1965-ல். அப்போது எனக்கு எட்டு வயது. இப்போது பேரனுக்கு எட்டு.

2008-ல் புத்தாண்டைத் தை முதல் தேதிக்கு மாற்றிச் சட்டம் வந்தது. 2011-ல் அது மறுபடி சித்திரைக்கே திரும்பியது. அந்த இடைப்பட்ட வருஷங்களிலும் எங்கள் வீட்டில் வேப்பம்பூவும் மாங்காயும் போட்ட பச்சடி நிற்கவில்லை. அம்பேத்கர் பிறந்ததும் இதே தேதி (1891) என்பதால் லீவும் போகவில்லை.

பேரன் சனிக்கிழமையே வந்துவிட்டான். மத்தியானம் மாடியில் காக்கா விரட்டிக்கொண்டிருந்தவன் ஓடி வந்து, "தாத்தா, யாரோ ஏசி போட்டுட்டாங்க!" என்றான். கடல்காத்து. திருவல்லிக்கேணியில் பிறந்து வளர்ந்தவர்கள் அதை இவ்வளவு அழகாகச் சொல்ல மாட்டோம், "வந்துடுச்சு" என்பதோடு சரி. மணி பார்த்தான்: 12.20. கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொண்டான்.

ஏப்ரல் 18, வெள்ளி

புனித வெள்ளி. சாந்தோம் பக்கம் கூட்டம். ராத்திரி ஒரு மணி நேரம் கரண்ட் இல்லை. காத்து 12.45 (பேரன் கணக்கு).

ஏப்ரல் 24, வியாழன்

இன்றைக்கு நிழல் இல்லாத நாள். சூரியன் வடக்கே நகர்ந்து போகும் வழியில் சென்னையின் நேர் தலைக்கு மேல் வருகிற நாள். தெற்கே திரும்பும்போது ஆகஸ்ட் 18 வாக்கில் இன்னொரு தடவை வரும். டில்லிக்காரர்களுக்கு இந்தக் கொடுப்பினை கிடையாது. சூரியன் கடக ரேகைக்கு வடக்கே போவதே இல்லை, டில்லியோ அதற்கும் வடக்கே.

எவர்சில்வர் டம்ளர் ஒன்றைக் கவிழ்த்து வைத்து இரண்டு பேரும் காத்திருந்தோம். மணி பன்னிரண்டு அடித்தது. டம்ளரின் மேற்குப் பக்கம் கீற்றாக நிழல் இருந்தது. "ஏமாத்திட்டீங்க தாத்தா." இரு, இரு என்றேன். 12.05-க்குக் கோடாக மெலிந்தது. 12.07-க்கு இல்லை. டம்ளரைத் தூக்கினான், வைத்தான், சுற்றிச் சுற்றி வந்தான். அவன் நிழலும் காலடிக்குள் போய் ஒளிந்துகொண்டிருந்தது. மாடிச் சூட்டில் இரண்டு பேரும் மாறி மாறிக் காலைத் தூக்கிக்கொண்டு ஆடிய ஆட்டத்தை எதிர் மாடியிலிருந்து ஒரு அம்மா பார்த்துச் சிரித்தார்.

அந்த ஏழு நிமிஷம் எங்கிருந்து வந்தது என்று கேட்டான். எனக்குப் பிடித்த கேள்வி. நம் கடிகாரம் காட்டுவது நம் ஊர் நேரம் இல்லை. இந்திய நேரத்தை 82½ பாகை தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடுகிறார்கள். சென்னை அதற்கு இரண்டு பாகைக்கு மேல் மேற்கே இருக்கிறது. முன்னே ஊருக்கென்று மெட்ராஸ் நேரமே இருந்தது. கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிஷம் 14 வினாடி முன்னால். நுங்கம்பாக்கத்தில் 1792-ல் கட்டிய வானாய்வுக்கூடத்தில் அந்த நேரத்தைக் குறித்தார்கள். ரயில்கள் அந்த நேரப்படி ஓடின. 1906 ஜனவரி 1-ஆம் தேதி இந்திய நேரம் வந்தது. ஊர் நேரத்துக்கும் அதற்கும் கிட்டத்தட்ட ஒன்பது நிமிஷம் வித்தியாசம். அப்படியானால் 12.09-க்கு அல்லவா நிழல் போக வேண்டும் என்று கேட்கக்கூடாது. சூரியன் கடிகாரம் மாதிரி ஒரே சீராக வருவதில்லை, ஏப்ரல் கடைசியில் இரண்டு நிமிஷம் முந்திக்கொள்ளும்.

கேட்டுவிட்டான்.

ஆய்வுக்கூடம் 1899-ல் கொடைக்கானலுக்குப் போய்விட்டது. தொலைநோக்கியைத் தாங்கி நின்ற கருங்கல் தூண் இன்னும் நுங்கம்பாக்கம் வானிலை அலுவலக வளாகத்தில் நிற்கிறது. தமிழ் எழுத்தும் அதில் வெட்டியிருக்கிறது. ஆயிரம் வருஷம் கழித்து வருகிறவர்களுக்கும் தெரியட்டும் என்று கம்பெனிக்காரர்கள் தங்களைப் புகழ்ந்துகொண்ட கல்வெட்டு. பின்னால் வருகிறவனுக்கு எழுதி வைக்கும் ஆசை எல்லாருக்கும்தான் இருக்கிறது. காத்து 1.05.

மே 1, வியாழன்

பீச்சுக்குக் கூட்டிப் போனேன். மாங்காய்க் கீற்று, மிளகாய்ப்பொடி, அப்புறம் உழைப்பாளர் சிலை. தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959 முதல் அங்கே நிற்கிறது. நாலு பேர் சேர்ந்து பாறையை நெம்பும் சிலை. "எவ்ளோ நாளா தள்றாங்க?" என்றான். சொன்னேன். "இன்னும் நகரலையா?"

இந்தியாவில் முதல் மே தினக் கொடி ஏறியது இதே கடற்கரையில்தான். 1923-ல் சிங்காரவேலர் ஒரே நாளில் இரண்டு கூட்டம் நடத்தினார். ஒன்று ஹைகோர்ட்டுக்கு எதிர்க் கடற்கரையில், இன்னொன்று எங்கள் திருவல்லிக்கேணிக் கடற்கரையில். அன்றைக்கும் கடல்காத்தில்தான் கொடி பறந்திருக்கும். சிலைக்கு எதிரே நின்று போட்டோ எடுக்கிற கூட்டத்தில் இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. சுண்டல் விற்கிற பையனிடம் சொன்னேன். "அப்படியா சார்? அவனுக்கு ஒண்ணு குடுக்கட்டா?" என்றான்.

மே 4, ஞாயிறு

கத்திரி ஆரம்பம். சூரியன் பரணி மூன்றாம் பாதத்தில் நுழைந்து, கார்த்திகை முழுவதும் கடந்து, ரோகிணி முதல் பாதத்தை விடும்வரை அக்னி நட்சத்திரம். கார்த்திகைக்கு அதிதேவதை அக்னி. வானிலைக்காரர்கள் இந்தக் கணக்கை வைத்துக்கொள்வதில்லை. ஆனால் பஞ்சாங்கத்தை எழுதியவனும் வெயிலில் வெந்தவன்தான். சூரியன் தலைக்கு மேல் நின்றது ஏப்ரல் 24-ல். அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் சுடுகிற மாதிரி, தரை வாங்கிய சூட்டைத் திருப்பித் தருவது மே கடைசியில்தான்.

நுங்கு வாங்கினேன். முற்றல்.

மே 7, புதன்

ஃப்ரிட்ஜ் போயிற்று. கத்திரிக்கென்றே நேர்ந்துகொண்டது போல. பழுதுபார்க்கிறவர் "நாளைக்கு" என்றார், எந்த நாளைக்கு என்று சொல்லவில்லை. மாவு இரண்டே வேளையில் புளித்துப் பொங்கி வழிந்தது. மனைவி மண்பானையை இறக்கி, அடியில் மணல் பரப்பி, வாயில் ஈரத்துணி கட்டினாள். நான் நொச்சிக்குப்பம் பக்கம் போய் மீனுக்குப் போடுகிற ஐஸில் ஒரு கட்டி வாங்கிச் சாக்கில் சுற்றிக்கொண்டு ஆட்டோவில் வந்தேன். வீடு வந்து சேர்வதற்குள் சாக்கு, வேட்டி, ஆட்டோ சீட்டு எல்லாம் நனைந்துவிட்டன. டிரைவர் ஒன்றும் சொல்லவில்லை. காலைச் சாக்கோடு ஒட்டி வைத்துக்கொண்டே ஓட்டினார்.

இது நடந்தது ஐஸ் ஹவுஸ் ஸ்டாப்பைத் தாண்டி. பேரனுக்கு அந்தப் பெயர் புதிர். ஐஸ் எங்கே? ஐஸ் அமெரிக்காவிலிருந்து வந்ததடா என்றால் நம்பவில்லை. பாஸ்டனைச் சேர்ந்த ஃப்ரெடரிக் டியூடர் அங்கே பனிக்காலத்தில் ஏரிகள் உறைந்ததும் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து கப்பல் ஏற்றினார். பூமத்திய ரேகையை இரண்டு தடவை கடந்து, நாலு மாசம் போல கடலில் கிடந்து, 1833-ல் முதல் சரக்கு கல்கத்தாவுக்கு வந்தது. 180 டன் ஏற்றியதில் 100 டன் போல மிஞ்சியது. நான் நொச்சிக்குப்பத்திலிருந்து கொண்டுவந்ததில் அந்த விகிதம்கூட மிஞ்சவில்லை. மெட்ராஸில் சரக்கைச் சேர்த்துவைக்க 1842-ல் கடலைப் பார்த்து அந்த வட்டக் கட்டிடம் எழும்பியது. யந்திரத்தில் இங்கேயே ஐஸ் செய்ய ஆரம்பித்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது.

அப்புறம் கட்டிடம் பிலிகிரி ஐயங்கார் கைக்கு வந்தது. 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் ஒன்பது நாள் அங்கே தங்கினார். சகோதரி சுப்பலட்சுமி இளம் விதவைகளுக்கு இல்லம் நடத்தியதும் அங்கேதான். 1963 முதல் விவேகானந்தர் இல்லம். இத்தனைக்கும் பிறகு கண்டக்டர் கூவுவது "ஐஸவுஸ், ஐஸவுஸ்!" ஐஸ் போய் நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று, பெயர் கரையவில்லை.

மே 16, வெள்ளி

ஃப்ரிட்ஜ் வந்தது. காத்து வரவில்லை. அதாவது 3.10-க்குத்தான் வந்தது. பேரன் மாடிக் கதவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான்.

ஏன் லேட் என்பதைக் காலண்டர் தாளிலேயே படம் போட்டுக் காட்டினேன். தரை சீக்கிரம் சுடும், கடல் மெதுவாகச் சுடும். தரைமேல் காற்று சூடாகி மேலே எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வரும். வரவிடாமல் தடுப்பது மேற்கத்திக் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று நெருங்க நெருங்க மேற்கிலிருந்து வறண்ட காற்று பலமாக வீசும். கயிறு இழுக்கிற போட்டி மாதிரி. கடல் பக்கம் தோற்கிற நாளில் நாம் வேகுவோம்.

"நாம எந்தப் பக்கம் இழுக்கணும்?" என்றான்.

மே 28, புதன்

கத்திரி முடிந்தது. பஞ்சாங்கத்தில்.

நாளைக்குப் பேரனைக் கூட்டிப்போக அவன் அப்பா வருகிறான். ஒரு டப்பா ஜவ்வரிசி வடாம், ஒரு டப்பா கூழ் வடாம், மாவடு ஒரு பாட்டில். காலண்டர் தாள்களை ரப்பர் பேண்ட் போட்டு என்னிடம் கொடுத்தான். "மீதிய நீங்க எழுதணும் தாத்தா. ஸ்கூல்ல ப்ராஜெக்ட்டுக்கு வேணும்." விளையாட்டுக்கு எழுதுகிறான் என்று நினைத்திருந்தேன்.

மே 31, சனி

2003-ல் இதே தேதியும் சனிக்கிழமைதான். நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி. நான் அப்போது தபாலாபீஸ் கவுன்ட்டரில். பார்சல் முத்திரைக்கு வைத்திருந்த அரக்குக் குச்சி கையில் ஒட்டியது. ஃபேன் அனலை வாரி அடித்தது. நிறுத்தச் சொன்னவர்களும் ஓட்டச் சொன்னவர்களும் சண்டை போட்டார்கள். பென்ஷன் வாங்க வந்த ஒரு பாட்டி என்னைப் பார்த்து, "உள்ள உக்காந்திருக்கியே, உனக்கென்னப்பா" என்றாள்.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி அந்தக் கட்டோடு சேர்க்கலாம் என்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஈஸிசேரில் சாய்ந்தேன். நாலு மணிக்கு போன்.

"தாத்தா, இன்னிக்கு காத்து எத்தனை மணிக்கு வந்துது?"

ஜன்னல் திரை ஆடிக்கொண்டிருந்தது. எப்போதிருந்து என்று தெரியவில்லை.

"தூங்கிட்டேன்டா" என்றேன்.