மடியும் படலத்துக்குக் காப்புரிமை: கிடைத்ததும் கைவிட்டுப் போனதும்

கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியின் பாலிமர் ஆய்வகத்தில் நானும் என் ஆய்வு மாணவி ஒருவரும் உருவாக்கிய, மடிக்கும் திரைகளுக்கான ஒளி ஊடுருவும் கூட்டுப்பொருள் படலம் ஒன்றுக்கு இந்தியக் காப்புரிமை கிடைத்திருக்கிறது. 2021 நவம்பரில் தொடங்கிய வேலை 2025 ஏப்ரலில் முடிந்தது. நாங்கள் கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. படலம் செய்யும் முறைக்கு உரிமை கிடைத்தது. படலத்துக்கே கேட்ட உரிமை கைவிட்டுப் போயிற்று. அது எப்படிப் போனது என்பதை, இதே துறையில் விண்ணப்பிக்க இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். 2019இல் வந்த சாம்சங்கின் முதல் மடிப்புக் கைபேசியில் திரையின் மேலுறை பாலிமர் படலம்தான். 2020இல் வந்த ஸீ ஃபிளிப்பில் மிக மெல்லிய கண்ணாடி வந்தது. ஆனால் அந்தக் கண்ணாடியின் மேலும் ஒரு பாலிமர் படலம் ஒட்டப்பட்டே இருந்தது. ஆக, கீறல் விழாத அளவு கடினமாகவும், மடித்தால் உடையாத அளவு இணக்கமாகவும், நிறமில்லாமலும் இருக்கும் படலத்துக்கான தேவை தீரவில்லை. இத்தகைய படலங்களுக்குப் பயன்படும் பாலிமரான பாலிஇமைடு வழக்கமாக மஞ்சளாக இருக்கும். ஃப்ளோரின் சேர்ந்த மூலப்பொருள்களைக் கொண்டு செய்தால் நிறம் போய்விடும், ஆனால் மேற்பரப்பு மென்மையாக இருக்கும். சிலிக்கா நானோ துகள்களைக் கலந்தால் கடினம் கூடும், மடிப்பில் விரிசல் விழும். 50 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள படலத்தை 1.5 மில்லிமீட்டர் ஆரத்தில் மடிக்கும்போது வெளிப்பக்கம் ஏறத்தாழ 1.7 விழுக்காடு நீள வேண்டியிருக்கிறது. அந்த நீட்சியைச் சிலிக்கா நிறைந்த பாலிமர் திரும்பத் திரும்பத் தாங்குவதில்லை.

நாங்கள் செய்தது இதுதான். திரை உள்நோக்கி மடியும்போது பயனர் தொடும் பக்கம் நீள்வதில்லை, அமுங்குகிறது. எனவே சிலிக்கா முழுவதையும் அந்தப் பக்கத்தில் குவித்து, மறுபக்கத்தை வெறும் பாலிஇமைடாக விட்டோம். இரண்டு அடுக்குகளையும் பசையால் ஒட்டினால் பிரிந்துவிடுகிறது. ஆகவே முதல் அடுக்கு முழுதாக உலர்வதற்கு முன்பே, அதில் 18 முதல் 27 எடை விழுக்காடு கரைப்பான் எஞ்சியிருக்கும் நிலையில், இரண்டாம் அடுக்கை ஊற்றினோம். அந்த வரம்புக்குக் கீழே போனால் இரண்டுக்கும் நடுவே கத்தியால் வெட்டியதுபோல் ஒரு கோடு விழுந்து, பின்னர் அங்கேயே பிரிகிறது. மேலே போனால் துகள்கள் படலம் முழுக்கப் பரவிவிடுகின்றன. நடுவில் மட்டும், கடினத்திலிருந்து மென்மைக்குப் படிப்படியாக இறங்கும் ஒரு பகுதி அமைகிறது. மடிப்புச் சோதனை முடிந்த துண்டை மாணவி டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து, மடிந்த இடத்தில் விளக்கின் நேர்க்கோடு எங்காவது நெளிகிறதா என்று சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, “மேம், கோடு உடையல” என்று சொன்ன மாலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அடுத்த வாரமே காப்புரிமை முகவரைப் பார்த்தோம். அவர் முதலில் செய்யச் சொன்னது தேடல், அதாவது இதே போன்ற ஒன்று ஏற்கெனவே வெளியாகியிருக்கிறதா என்று பார்ப்பது. நானோ பொருளால் வலுவூட்டிய ஒளி ஊடுருவும் படலம் என்று பரந்த உரிமையைக் கேட்கலாம் என்று நான் எண்ணியிருந்தேன். பாக்டீரியா உருவாக்கும் செல்லுலோஸ் நானோ இழைகளைக் கொண்டு ஒளி ஊடுருவும் கூட்டுப்பொருளை உருவாக்கி, கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005இலேயே கட்டுரை வெளியிட்டிருந்தார்கள். இழையின் தடிமன் ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிதாக இருந்தால் ஒளி சிதறாது என்ற கருத்தும் அதிலேயே இருந்தது. சிலிக்காவும் பாலிஇமைடும் சேர்ந்த படலங்களுக்கான காப்புரிமைகளோ எண்ணி மாளாதவை. தேடலுக்கு இரண்டு வாரங்கள் செலவிட்டோம். இன்னும் இரண்டு வாரங்கள் செலவிட்டிருக்கலாம் என்றே இப்போது நினைக்கிறேன்.

கட்டணம் பெரிய சுமையாக இல்லை. 2021 செப்டம்பரில் விதிகள் திருத்தப்பட்டு, கல்வி நிறுவனங்களுக்கு 80 விழுக்காடு கட்டணக் குறைப்பு வந்திருந்தது. இணையவழியில் விண்ணப்பிக்க 1,600 ரூபாய், ஆய்வு கோரும் படிவம் 18க்கு 4,000 ரூபாய். முப்பது பக்கங்களுக்கும், எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் உரிமைக்கோரல்கள் பத்துக்கும் மேல் போனால் மட்டுமே கூடுதல் தொகை. முகவரின் கட்டணம் தனி.

கண்டுபிடிப்பை முதலில் பதிவு செய்து நாளைப் பிடித்துவைக்கும் தற்காலிக விவரக்குறிப்பை 2021 நவம்பரில், கிண்டியில் இருக்கும் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் இணையவழியே தாக்கல் செய்தோம். நான் பெரும் தவறு செய்தது இங்கேதான். முழுமையான விவரக்குறிப்பைத் தர ஓராண்டு அவகாசம் இருக்கிறதே என்ற எண்ணத்தில், நான்கே பக்கங்களில் அதை முடித்துவிட்டேன். “முதல் அடுக்கு உலரும் முன் இரண்டாம் அடுக்கு ஊற்றப்படுகிறது” என்று எழுதினேன். கரைப்பான் வரம்பை எழுதவில்லை. நடுவில் அமையும் படிப்படியான பகுதியைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. அப்போது அதன் நுண்ணோக்கிப் படம் எங்களிடம் இல்லை.

2022 ஜூலையில் மாணவி ஒரு கருத்தரங்கில் சுவரொட்டி வைத்தார். விண்ணப்பம்தான் தாக்கல் ஆகிவிட்டதே என்று நானே அனுமதித்தேன். கருத்தரங்கு வெளியிட்ட அதன் சுருக்கத்தில் அந்தப் படிப்படியான பகுதி தெளிவாக விவரிக்கப்பட்டிருந்தது, படமும் இருந்தது. நவம்பரில் முழுமையான விவரக்குறிப்பைத் தாக்கல் செய்தோம், ஆய்வுக்கான கோரிக்கையும் உடனே கொடுத்தோம். 2024 ஜனவரியில் காப்புரிமை அலுவலகத்தின் முதல் ஆய்வறிக்கை வந்தபோது, எதிராகக் காட்டப்பட்ட மூன்று ஆவணங்களில் மூன்றாவது எங்கள் மாணவியின் சுருக்கம்.

காப்புரிமைச் சட்டம் இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. தற்காலிக விவரக்குறிப்புக்குப் பிறகு நாமே வெளியிட்டது நமக்கு எதிராக நிற்காது என்று 33ஆம் பிரிவு சொல்கிறது; ஆனால் அந்தப் பாதுகாப்பு, தற்காலிக விவரக்குறிப்பில் விவரிக்கப்பட்ட விஷயத்துக்கு மட்டுமே. அதில் இல்லாத ஒன்றுக்கு முன்னுரிமைத் தேதி (புதுமையை எந்த நாளை வைத்துப் பார்ப்பது என்பது), அது முதலில் எழுதப்பட்ட நாள், அதாவது 2022 நவம்பர். சுருக்கமோ ஜூலையில் வெளிவந்துவிட்டது. கற்றோர் அவையில் வாசித்த கட்டுரைக்கு 31ஆம் பிரிவு பன்னிரண்டு மாதச் சலுகை தருகிறது என்பதை முகவர் எடுத்துக் காட்டினார். எங்கள் கருத்தரங்கை நடத்தியது ஒரு தனியார் நிகழ்ச்சி அமைப்பு என்பதால், அந்த வாதத்தை வலுவாக வைக்க முடியவில்லை.

மற்ற ஆட்சேபங்கள் மூன்று. முதல் உரிமைக்கோரலில், இரண்டு லட்சம் மடிப்புகளைத் தாங்கும், மங்கல் (ஒளி சிதறும் அளவு) 1 விழுக்காட்டுக்குக் குறைவான படலம் என்று எழுதியிருந்தோம். விளைவைச் சொல்லியிருக்கிறீர்கள், பொருள் எதனால் ஆனது, எவ்வாறு அமைந்தது என்று சொல்லவில்லை என்றார் ஆய்வு அதிகாரி. அது நியாயமான கேள்வி. இரண்டாவது, சிலிக்கா கலந்த பாலிஇமைடு ஓர் ஆவணத்தில் இருக்கிறது, இரண்டு அடுக்கு மேலுறை இன்னோர் ஆவணத்தில் இருக்கிறது, இரண்டையும் சேர்ப்பது துறை அறிந்த எவருக்கும் தோன்றக்கூடியதே என்பது. மூன்றாவது 3(இ) பிரிவு: பொருள்களை வெறுமனே கலந்து, அவற்றின் பண்புகள் கூடி நிற்பதை மட்டுமே விளைவாகப் பெற்றால் அது கண்டுபிடிப்பு ஆகாது. கூட்டுப்பொருள் துறையில் இருக்கும் யாரும் இந்தப் பிரிவை எதிர்பார்த்தே எழுத வேண்டும். எனக்குக் கோபம் வந்தபோது முகவர் சொன்னது இது: “மேடம், படலம் நல்லா இருக்கிறதுல அவங்களுக்குச் சந்தேகம் இல்ல. ரெண்டையும் கலந்ததைத் தாண்டி என்ன நடந்துச்சுன்னுதான் கேக்கிறாங்க.”

எங்களைக் காப்பாற்றியது முழுமையான விவரக்குறிப்பில் மாணவி சேர்த்திருந்த ஓர் ஒப்பீட்டு அட்டவணை. சிலிக்காவின் மொத்த அளவு, மொத்தத் தடிமன், பாலிமர் ஆகிய மூன்றும் ஒன்றாகவே இருக்க, செய்முறை மட்டும் மாறிய படலங்கள். சீராகக் கலந்தது நாற்பதாயிரம் மடிப்புகளுக்குள் நீட்சிப் பக்கத்தில் விரிந்தது. பசையால் ஒட்டியது ஒரு லட்சத்துக்குள் பிரிந்தது. முதல் அடுக்கை முற்றிலும் உலர்த்திய பிறகு ஊற்றியதும் அவ்வாறே. 18 முதல் 27 வரை என்ற வரம்புக்குள் செய்தவை இரண்டு லட்சத்தைத் தாண்டின. பண்புகள் வெறுமனே கூடியிருந்தால், அதே பொருள்களை அதே அளவில் கொண்ட மற்ற மூன்றும் இவ்வாறு தோற்றிருக்கக் கூடாது. அதோடு, எதிராகக் காட்டப்பட்ட இரண்டடுக்கு ஆவணமே முதல் அடுக்கை முழுமையாக உலர்த்தச் சொல்லியிருந்தது. அதைப் படிக்கும் ஒருவர் எங்கள் வழிக்கு எதிர்த்திசையில்தான் போவார். அந்த அட்டவணை தாக்கல் நாளன்றே உள்ளே இல்லாமல் போயிருந்தால், பின்னர் விவரக்குறிப்பில் சேர்த்திருக்க முடியாது. 59ஆம் பிரிவின்படி திருத்தம் என்பது சுருக்குவதும் தெளிவுபடுத்துவதும்தான், புதிதாக எதையும் நுழைப்பதல்ல.

பதிலை 2024 ஜூலையில் கொடுத்தோம். 2025 ஜனவரியில் காணொலி வழியே விசாரணை நடந்தது. விண்ணப்பத்தை முடிவுசெய்யும் அதிகாரியான கன்ட்ரோலர் அட்டவணையின் இரண்டாம் வரியை மட்டும் நீண்ட நேரம் கேட்டார்: எஞ்சிய கரைப்பானை எப்படி அளந்தீர்கள், எடை இழப்பாலா, எந்த வெப்பநிலையில்? மாணவி பதில் சொன்னார். படலத்துக்கான உரிமைக்கோரல் பற்றிய பேச்சு அதைவிடச் சீக்கிரம் முடிந்தது. செய்முறையை உள்ளே எழுதினாலும், படலம் என்று கோரும்போது அந்தப் படலமே புதிதாக இருக்க வேண்டும். சுருக்கத்தில் இருந்ததும் அதே படலம்தான். அதை நீக்கிவிட்டு, செய்முறையைக் கரைப்பான் வரம்போடு முதல் கோரலாக்கி, பதினைந்து நாளுக்குள் எழுத்துமூல வாதத்தைத் தந்தோம்.

இழப்பு சிறிதல்ல. படலத்துக்கு உரிமை இருந்திருந்தால், சந்தையில் வாங்கிய ஒரு துண்டை வெட்டிப் பார்த்து மீறலைக் காட்டிவிடலாம். முறைக்கு மட்டும் உரிமை என்றால், அடுத்தவர் தொழிற்சாலைக்குள் என்ன ஈரத்தில் ஊற்றுகிறார்கள் என்பதைக் காட்ட வேண்டும். 104ஏ பிரிவு சில நிலைகளில் நிரூபிக்கும் பொறுப்பை எதிர்த்தரப்பின் மேல் வைத்தாலும், அதற்கும் நாம் முதலில் பாதி தூரம் நடக்க வேண்டும். காப்புரிமையின் இருபது ஆண்டுகளோ அந்த நான்கு பக்கத் தற்காலிக விண்ணப்பத்தின் நாளிலிருந்தே எண்ணப்படுகின்றன. முக்கியமான பகுதியைக் காக்காத தேதியிலிருந்து எங்கள் காலம் ஓடத் தொடங்கிவிட்டது.

அதே படலத்தின் மேல் வெள்ளி நானோ கம்பிகளைப் பதிக்கும் முறைக்குச் சென்ற மாதம் புதிய தற்காலிக விவரக்குறிப்பைத் தாக்கல் செய்தோம். இருபத்தாறு பக்கங்கள். தோற்றுப்போன மாதிரிகளின் அளவீடுகளும் குறுக்குவெட்டுப் படங்களும் அதில் இருக்கின்றன. மாணவியின் அடுத்த கருத்தரங்குச் சுருக்கம், அதில் உள்ள ஒவ்வொரு வரியும் விவரக்குறிப்பில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று ஓரத்தில் பென்சிலால் குறித்தபடி, என் மேசையில் இருக்கிறது. இரண்டு வரிகளுக்கு நேரே இன்னும் எண் எழுதப்படவில்லை.