கோயில்பிள்ளை அண்ணனுக்கு லீவு எப்போ?

நேத்து எங்க சர்ச் சபை கமிட்டி மீட்டிங்ல அசனத்துக்கு (சபை விருந்துக்கு) எத்தன கிலோ கறின்னு ஒரு மணி நேரம் பேசினோம், ஆனா சர்ச்சுல மணி அடிக்கிறதுல இருந்து எல்லா வேலையும் பாக்குற கோயில்பிள்ளை அண்ணனுக்கு வாரத்துல ஒரு நாள் லீவு குடுக்கலாமான்னு நான் கேட்டதுக்கு ரெண்டு நிமிஷம் கூட ஆகல, "ஊழியம்தானே தம்பி, அதுக்கு என்ன லீவு"ன்னு முடிச்சுட்டாங்க.

ஞாயித்துக்கிழமை விடியக்காலைல மணி அடிக்கணும், பெஞ்சு தொடைக்கணும், ரெண்டு ஆராதனை, ஞானஸ்நானம்னா தண்ணி எடுத்து வைக்கணும், சாயங்காலம் வாலிபர் கூட்டத்துக்கு கதவு தெறக்கணும், சாவு விழுந்தா நடுராத்திரின்னாலும் போன் அவருக்குத்தான். நமக்கு ஓய்வுநாள், அவருக்கு டபுள் டியூட்டி.

இதுல சம்பளம் வேற பத்து தேதி வரைக்கும் இழுக்கும். பைபிள்ல உபாகமம் 24:15ல பொழுது போறதுக்குள்ள கூலிய குடுத்துருன்னு இருக்கு. யாத்திராகமம் 18ல மோசே ஒத்த ஆளா நாள் பூரா வழக்கு கேக்குறத பாத்துட்டு மாமனார் எத்திரோதான் நீ தொய்ஞ்சு போயிருவ, வேலைய பிரிச்சு குடுன்னு சொல்றாரு, இத சண்டே ஸ்கூல்ல நானே நடத்திருக்கேன் (வெக்கமா இருக்கு).

வெளிய வந்தா அண்ணன் பிளாஸ்டிக் சேர் அடுக்கிட்டு இருக்காரு. "உள்ள என் பேரு அடிபட்டுச்சே, மணி லேட்டா அடிச்சேன்னு எதும் சொன்னாங்களா தம்பி?"ன்னு மெதுவா கேக்குறாரு.

அடுத்த மீட்டிங்குக்கு எழுத்துலயே குடுக்கப் போறேன். செவ்வாக்கிழமை லீவு, அன்னைக்கு சாவி செயலர்கிட்ட.