வெள்ளையடிக்கும் முன் மாடியில் தண்ணீர் கட்டிப் பாருங்கள்

கோடை தொடங்கினால், வெயிலைத் திருப்பி அனுப்பும் 'கூல் ரூஃப்' வெள்ளைப் பெயின்ட் விளம்பரங்களும் வந்துவிடுகின்றன. மொட்டைமாடிக்கு வெள்ளை பூசுவது நல்ல வேலை. சென்னையில் வீட்டுக்கு வீடு செய்ய வேண்டும் என்றே சொல்வேன். ஆனால் வாட்டம் (தண்ணீர் ஓடுவதற்கான சரிவு) சரியில்லாத, விரிசல் விட்ட தளத்தில் பூசினால் ஐப்பசி அடைமழையில் ஏடு ஏடாக உரிந்து வரும். வெயில், மழை, உப்புக் காற்று மூன்றும் தாக்குவது ஒரே தளத்தைத்தான். ஒன்று திறந்துவிட்ட வழியில் அடுத்தது நுழைகிறது.

மே மாதப் பிற்பகலில் வெறும் சிமென்ட் தளத்தின் மேற்பரப்பு 60 டிகிரியை ஒட்டிப் போகும். அந்தச் சூடு கான்கிரீட்டைக் கடந்து கீழே இறங்கச் சில மணி நேரம் ஆகிறது. இரவு 9 மணிக்கு ஃபேன் அனலை இறக்குவது இதனால்தான். இரவு வெப்பமும் கூடிவருவதால், தளம் முழுதாக ஆறாமலே மறுநாள் வெயிலை வாங்குகிறது.

சூடேறும் தளம் நீளவும் செய்யும். 20 டிகிரி ஏறினால் 30 அடிக்குக் கிட்டத்தட்ட 2 மி.மீ. கீழே இருக்கும் செங்கல் சுவர் அந்த அளவு நீளாது. மேல்மாடியில் சுவரும் தளமும் சேரும் இடத்தில் படுக்கைவாட்டில் ஓடும் விரிசல் பெரும்பாலும் இந்த இழுபறியால் வருவது. அதைச் சிமென்டால் அடைத்தால் அடுத்த கோடையில் அதே இடத்தில் திறக்கும். 'வி' வடிவில் கொத்தி, நெகிழ்ந்து கொடுக்கும் பாலியூரித்தேன் சீலன்ட் நிரப்ப வேண்டும். தூண் இல்லாமல் சுவரே தளத்தைத் தாங்கும் புது வீடு என்றால், தளம் போடும் முன்பே சுவர் உச்சியை வழுவழுப்பாகப் பூசி, இரண்டு அடுக்கு தார்த்தாள் விரித்துவிடுங்கள். தளம் அதன் மேல் வழுக்கி நகர்ந்துகொள்ளும்.

அடுத்தது மழை. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பெய்தது. 2021 டிசம்பர் 30 அன்று பிற்பகலில் தொடங்கிய மழை சில மணி நேரத்தில் நகரை முடக்கியது. மாடிக் குழாயைப் பொறுத்தவரை நாள் கணக்கு முக்கியமில்லை, மணிக் கணக்குதான் முக்கியம். மணிக்கு 10 செ.மீ. மழையில் ஒரு 4 அங்குலக் குழாய் சுமார் 460 சதுர அடி மாடியின் தண்ணீரைத்தான் இறக்கும். 3 அங்குலக் குழாய் வெறும் 220 சதுர அடி. 1,000 சதுர அடி மாடிக்கு இரண்டு 3 அங்குலக் குழாய் வைத்துக் கட்டிய வீடுகள் ஏராளம். அந்த வேகத்தில் பாதித் தண்ணீர்கூட இறங்காது. கூடுதலாக 4 அங்குலக் குழாய் இறக்குங்கள். முடியாவிட்டால் கைப்பிடிச் சுவரில், தள மட்டத்திலிருந்து 2 அங்குலம் மேலே, வெளியே நீட்டிய ஒரு போக்குக் குழாயாவது வையுங்கள். குழாய் வாயில் இலை அடைத்துக்கொண்டாலும் அது காப்பாற்றும்.

தேங்கிய நீர் விரிசல் வழியே கம்பியைத் தொடும்போதுதான் பெரிய சேதம் ஆரம்பிக்கிறது. நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பிக்கு ஒரு காப்பு. காற்றிலுள்ள கரியமில வாயு அதை மெல்ல மெல்லக் குறைக்கிறது. காற்றில் அந்த வாயுவும் வெப்பமும் கூடக் கூட இது வேகமெடுக்கும். கடலோரத்தில் உப்பு அந்தக் காப்பை நேரடியாகவே உடைக்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் அடிப்பூச்சைத் தள்ளி உதிர்க்கிறது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. அதன்படி கடற்கரைச் சூழலில் கம்பிக்கு 45 மி.மீ. கவரும் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம்) எம்30 என்ற வலுத் தரத்துக் கான்கிரீட்டும் வேண்டும். பழைய வீடுகளில் பெரும்பாலும் 15, 20 மி.மீ. கவர்தான் இருக்கும்.

உட்கூரையைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். 'ணங்' என்றால் சரி, 'டொப்' என்றால் உள்ளே பிரிந்திருக்கிறது. அங்கே கொத்தி, புதிதாக உடைந்த முகத்தில் 1 சதவீத பினாப்தலீன் கரைசலைத் தெளித்தால் காரம் உள்ள கான்கிரீட் இளஞ்சிவப்பாகும், காரம் இழந்தது நிறம் மாறாது. இந்தச் சோதனை உப்பைக் காட்டாது. கடலோர வீட்டில் அதற்குத் தனியாக ஆய்வகச் சோதனை வேண்டும்.

உதிர்ந்த இடத்தில் மேலாகப் பூசி மறைப்பதும், ஃபால்ஸ் சீலிங் அடிப்பதும்தான் ஆகக் கெட்ட தீர்வு. கம்பிக்குப் பின்னால் 20, 25 மி.மீ. வரை கொத்தி, சுற்றிலும் ஒயர் பிரஷ்ஷால் தேய்த்து, துத்தநாகப் பிரைமர் அடித்து, பாலிமர் சேர்த்த சிமென்ட் கலவை பூச வேண்டும். துரு எங்கே முடிகிறதோ அதையும் தாண்டிக் கொத்துங்கள். உப்பேறிய கான்கிரீட்டில் ஒட்டுப் போட்டால் ஒட்டின் ஓரத்திலேயே புதுத் துரு பிடிக்கும். கம்பி கால்வாசி தேய்ந்திருந்தால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஒழுகுகிறது என்று மாடித் தளத்தில் பதித்த பழைய தட்டோட்டின் மேலேயே இன்னொரு 3 அங்குலம் ஜல்லி சுண்ணாம்பு போடச் சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். அது சதுர அடிக்குச் சுமார் 13 கிலோ. 1,000 சதுர அடிக்கு 13 டன். ஆட்கள் நடமாடும் மாடிக்கு விதி ஒதுக்கும் பளுவே சதுர மீட்டருக்கு 150 கிலோதான். அதை இந்த அடுக்கே தின்றுவிடும். பழையதைப் பெயர்த்துவிட்டுப் போடுங்கள். 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலம் வாட்டம் கிடைக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் குழாய் வாயை அடைத்து, ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விடுங்கள். கீழே ஈரம் தெரியாவிட்டால், தளம் நன்றாகக் காய்ந்த பிறகு வெள்ளைக்குப் போகலாம். பெயின்ட் வாங்கும்போது சூரிய ஒளிப் பிரதிபலிப்பு 0.6க்கு (விழும் வெயிலில் 60 சதவீதம்) குறையாமல் இருக்கிறதா என்று சோதனைச் சான்றைக் கேளுங்கள். பட்ஜெட் இல்லையென்றால் சுண்ணாம்பே போதும்: 1 கிலோ சுட்ட சுண்ணாம்புக்கு 5 லிட்டர் தண்ணீர், நீற்றி ஆறவிட்டு, துணியில் வடிகட்டி, கொஞ்சம் பசை சேர்த்து மூன்று கோட். நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும், கண்ணுக்குக் கண்ணாடி அவசியம். மழை இதை அரித்துவிடுவதால் வருடா வருடம் அடிக்க வேண்டும்.

விரிசல், வாட்டம், வாட்டர் புரூஃபிங் எல்லாம் பொங்கல் முடிந்து தொடங்கினால் மார்ச்சுக்குள் வெள்ளை அடித்துவிடலாம். ஏப்ரல் வெயிலில் கலவை போட்டால் ஈரம் சீக்கிரம் இழுத்துக்கொண்டு மயிர்க்கோடு விரிசல் விழும். இன்று கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் பி.பி.சி. (சாம்பல் போன்றவை கலந்த) சிமென்ட், கான்கிரீட் போட்டால் அதற்கு 14 நாள் விடாமல் தண்ணீர் கட்ட வேண்டும். ஏழு நாள் போதும் என்று மேஸ்திரி சொன்னால் கேட்காதீர்கள்.