பல்லு வெள்ளையாச்சு, குன்னூர் தண்ணி எதிரியாச்சு

தங்கச்சி கல்யாண போட்டோல பல்லு பளிச்சுனு இருக்கணும்னு கோயம்புத்தூர் இறங்கி ஒயிட்டனிங் பண்ணிட்டு வந்தேன். பர்லியார் தாண்டி வீடு வர்ற வரைக்கும் ஒண்ணும் தெரியல. மறுநாள் காலைல பைப் தண்ணிய வாய்ல ஊத்துனேன் பாருங்க, ஜனவரி மாசத்து குன்னூர் தண்ணி, முன்பல்லுல இருந்து காது வரைக்கும் சுளீர்னு ஏறுச்சு, தலைய பிடிச்சுட்டு அங்கயே உக்காந்துட்டேன்.

அந்த கிளினிக்ல "ரெண்டு நாள் டீ வேணாம், கறை பிடிச்சிடும்"னாங்க, அவ்ளோதான். குன்னூர்க்காரன்கிட்ட போய் சொல்ற பேச்சா இது! சரி டீ தானே வேணாம்னாங்கன்னு, குளிருக்கு சுடுதண்ணில எலுமிச்சம்பழம் பிழிஞ்சு ரெண்டு நாளும் குடிச்சேன், குடிச்ச கையோட பல்லும் தேய்ச்சேன்.

மூணாம் நாள் இங்க ஒரு டாக்டரம்மாகிட்ட போனா, கேட்டுட்டு தலைல அடிச்சுக்கிட்டாங்க. ஒயிட்டனிங்குக்கு போடுற பெராக்சைடு மருந்து, பல்லோட மேல் ஓடான எனாமல தாண்டி நரம்பு வரைக்கும் போகுமாம், அந்த கூச்சம் பெரும்பாலும் சில நாள்ல தானா அடங்கிடும், ஆனா நான் பண்ணதுதான் தப்பு. எனாமல்ல எடைக்கு 96 சதவீதம் கனிமம், பிஹெச்ங்கிற அமில அளவு (குறைய குறைய அமிலம் ஜாஸ்தி) 5.5க்கு கீழ போனாலே கரைய ஆரம்பிக்கும், எலுமிச்சை சாறு 2 பக்கத்துல. இளகி நிக்குற நேரத்துல பிரஷ் வச்சு தேய்ச்சா அப்படியே தேஞ்சு போயிடும், தேஞ்சது திரும்ப வளராது, ஏன்னா எனாமல் கட்டுற செல்லுங்க பல்லு முளைக்கிறப்பவே போயிடுது. வெறும் இளகலா இருந்தா எச்சில்ல இருக்குற கால்சியமும் பாஸ்பேட்டும் போய் உக்காந்து சரி பண்ணும், ஃப்ளோரைடு இருந்தா இன்னும் கெட்டியா பிடிக்கும்.

அதனால இப்ப 1000 பிபிஎம் (பத்து லட்சத்துல ஆயிரம் பங்கு) ஃப்ளோரைடு பேஸ்ட்டு, சாஃப்ட் பிரஷ்ஷு, தேய்ச்சதும் துப்புறதோட சரி, கொப்பளிக்கக் கூடாது. இதுதாங்க பெரிய கஷ்டம், சின்ன வயசுல இருந்து மூணு சொம்பு தண்ணி விட்டு கொப்பளிச்ச வாய், வழவழன்னு ஒரு மாதிரி இருக்கு. கூச்சத்துக்கு பொட்டாசியம் நைட்ரேட் பேஸ்ட்டும் இருக்காம். ராத்திரி தடவ ஒரு கிரீம் குடுத்தாங்க, பால்ல இருக்குற கேசின்ல இருந்து எடுத்தது, கால்சியத்த பல்லுகிட்டயே பிடிச்சு வைக்குமாம், பால் அலர்ஜி இருக்குறவங்க மட்டும் தொடக் கூடாது. "எலுமிச்சைக்கு சக்கரை இல்லாத பால் டீயே குடிச்சிருக்கலாமேப்பா"ன்னு வேற சொல்லிட்டாங்க, வயிறு எரிஞ்சுது.

கல்யாணத்தன்னிக்கு மண்டபத்து வாசல்ல குளிர்காத்து, வாய தொறந்தாலே கூசுது. ஆல்பம் வந்துச்சு, எல்லா போட்டோலயும் வாய மூடிட்டே நிக்கிறேன்.