சானல்கரை வீடு

ஜூன் 13, வெள்ளி

மதுரையில் ராத்திரி ஏறிய பஸ் ஆரல்வாய்மொழியைத் தாண்டும்போது முழிப்பு வந்தது. அரையிருட்டில் காற்றாலைகள் ஆளுக்கொரு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. நாகர்கோவில் வடசேரியில் இறங்கி தக்கலை, அங்கிருந்து திருவட்டாறு பஸ். வழியில் பாதி ஊர்ப்பெயர்கள் ‘விளை’ என்றுதான் முடிகின்றன, தோட்டம் என்று பொருளாம். வாத்தியார் குடியேறியிருப்பதும் ஒரு விளையில்தான்.

வாத்தியார் என்பது ஹாஸ்டலில் வைத்த பட்டப்பெயர். எதைக் கேட்டாலும் கரும்பலகை ஒன்றுதான் குறை என்பதுபோல விளக்குவான். பிறகு நிஜமாகவே வாத்தியாராகி, இந்தப் பக்கத்துப் பெண்ணைக் கட்டி, மாமியார் எழுதிக்கொடுத்த எட்டு சென்ட்டில் வீடு கட்டி, போன மாதம் பால் காய்ச்சினான். அன்றைக்கு நான் வரவில்லை. அதற்குத் தண்டனையாக நாலு நாள் இங்கே இருக்க வேண்டுமாம்.

பெயின்ட் வாசம் இன்னும் போகாத வீடு. பின்கதவைத் திறந்தால் பத்தடியில் சானல். இங்கே யாரும் கால்வாய் என்று சொல்வதில்லை. பேச்சிப்பாறை அணை திறந்தாயிற்று, கரையைத் தொட்டுக்கொண்டு தண்ணீர் போகிறது.

பக்கத்து வீட்டிலிருந்து வாத்தியாரின் மாமியார் வந்தார். வந்ததும், “வெள்ளம் வேணுமா மக்கா?” என்றார். நான் சானலைப் பார்த்தபடி, “வராம இருந்தாச் சரிம்மா” என்று சொல்லிவிட்டேன். வாத்தியார் தரையில் உட்கார்ந்து சிரித்தான். குடிக்கிற தண்ணீருக்கே இங்கு அதுதான் பெயர்.

ராத்திரி தூக்கமில்லை. தலைமாட்டில் யாரோ விடாமல் முணுமுணுப்பது போலச் சத்தம். மணலாய்க் கிடக்கும் வைகையைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது ஆகவில்லை. காலையில் சொன்னால், “என்ன சத்தம்?” என்கிறான்.

ஜூன் 14, சனி

எப்படியும் தூக்கம் வராது என்று நாலரைக்கே எழுந்து, வாத்தியாரின் மாமியாரான அந்த அம்மாவுக்குப் பின்னால் ரப்பர் விளைக்குள் போனேன். நெற்றியில் ஒரு விளக்கு, கையில் வளைந்த கத்தி. மரத்துக்கு மரம் பிளாஸ்டிக் தாளில் பாவாடை கட்டியிருக்கிறது, மழைத்தண்ணீர் வெட்டில் இறங்காமலிருக்க. முந்தின வெட்டில் நூலாகக் காய்ந்திருந்த ஒட்டுப்பாலை முதலில் உரித்துக் கூடையில் போட்டார். அதற்கும் விலை உண்டு. பிறகு இடமிருந்து வலமாகச் சரித்து ஒரு இழுப்பு. ஒரு ரூபாய்க் காசு கனம்கூட இல்லாத சீவல். பால் கோடாக இறங்கிச் சிரட்டையில் சொட்டத் தொடங்கியது.

“இருட்டுல எதுக்கும்மா?”

“வெயில் ஏறினா பால் வத்திரும். ஆழமா வெட்டுனா மரம் கெட்டுப் போவும்.”

நானும் ஒரு மரத்தில் கத்தியை வைத்தேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டார். அதோடு என் தொழிற்பயிற்சி முடிந்தது.

வெயில் வந்தபின் பாலை வாளியில் சேர்த்து, வடிகட்டி, தண்ணீர் கலந்து தட்டுகளில் ஊற்றி ஆசிட் விட்டார். நாளைக்குள் கட்டியாகிவிடுமாம். அதை உருளை மெஷினில் கொடுத்துத் தேய்த்தால் ஷீட். முற்றத்துக் கொடியில் பழைய ஷீட்டுகள் துவைத்துப்போட்ட வேட்டி மாதிரி தொங்கின, நாற்றம் மட்டும் வேறு. அந்த நாற்றத்தோடேயே மரச்சீனிக் கிழங்கும் தேங்காய் அரைத்த சாளைக்கறியும் சாப்பிட்டேன். மூன்றாவது தடவை கறி கேட்டதை வாத்தியாரின் மனைவி இன்னும் சொல்லிக்காட்டுகிறார்.

சாயங்காலம் மாத்தூர் தொட்டிப்பாலம். காமராஜர் காலத்துத் திட்டம், 1966-இல் கட்டியது. மேலே ஆளுயரத்துக்கும் ஆழமான தொட்டியில் பட்டணங்கால் சானலின் தண்ணீர் ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குப் போகிறது. கீழே, 115 அடிக்குக் கீழே, பறளியாறு தன் பாட்டுக்கு வேறு திசையில் போகிறது. தண்ணீருக்கு மேலே தண்ணீர்! 28 தூண்கள் என்று வாத்தியார் பாடம் நடத்த, நான் ஏழாவதோ எட்டாவதோ தூணுக்கு மேலே கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டேன். புல்லுக்கட்டைத் தலையில் வைத்த ஒரு பாட்டி, “பைய எந்திரிச்சி வாங்க” என்று சொல்லிக்கொண்டே கடந்து போனார். கட்டை அவர் பிடித்திருக்கவும் இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

காலையில் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள். சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனோம். 22 அடிப் பெருமாள் மேற்குப் பார்த்துப் படுத்திருக்கிறார். மூன்று வாசல் வழியாகப் பார்த்தால்தான் முழுசாகத் தெரிகிறார். 418 வருஷத்துக்குப் பிறகு 2022-இல்தான் இங்கே கும்பாபிஷேகம் நடந்தது. ஆறு வட்டமாகச் சுற்றிப் போவதால் திருவட்டாறு. பெருமாளையும் தண்ணீர் விட்டு வைக்கவில்லை.

மதியத்துக்கு மேல் மழை. திற்பரப்பு அருவித் திட்டம் கைவிடப்பட்டது. திண்ணையில் உட்கார்ந்து ஒரு சீப்பு மட்டிப்பழத்தைக் காலி செய்தோம். விரல் நீளம்தான், வாசனை அடுத்த அறை வரை வருகிறது. கைக்குழந்தைக்கு இதைத்தான் ஊட்டுவார்களாம்.

ஜூன் 16, திங்கள்

பத்மநாபபுரம் அரண்மனை. திங்கட்கிழமை விடுமுறை! ஊருக்கே விளக்கம் சொல்கிறவனுக்கு இது தெரியவில்லை. 1795 வரை திருவிதாங்கூருக்குத் தலைநகர். 1956-இல் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அரண்மனை மட்டும் கேரளத் தொல்லியல் துறையிடம் இருக்கிறது. இத்தனையும் பூட்டிய கதவுக்கு வெளியே நின்று சொன்னான். எதிர்க்கடையில் கட்டன் சாயா குடித்துவிட்டுத் திரும்பினோம். கன்னியாகுமரி போய்க் கண்ணாடிப் பாலம் பார்க்கலாமா என்றான். எனக்குத் தொட்டிப்பாலமே இன்னும் காலில் நடுங்கிக்கொண்டிருந்தது.

ராத்திரி நன்றாகத் தூங்கினேன். இரண்டரைக்கு முழித்தால் வாத்தியார் பின்வாசல் படியில் உட்கார்ந்திருக்கிறான். மலையில் பெருமழை, சானலை அடைத்துவிட்டார்களாம். தரையில் குட்டை குட்டையாகக் கொஞ்சம் தண்ணீர். தவளைச் சத்தம் மட்டும்.

“தூக்கம் வரல” என்றான்.

“என்ன சத்தம்?” என்றேன். முறைத்தான்.

நாலரைக்கு விளைப் பக்கமாக நெற்றி விளக்கு வந்தது. “என்ன மக்கா, ரெண்டு பேரும் உறங்கலியா?”

“சானல் நின்னுடுச்சு மாமி.”

“மழை விட்டா தொறப்பாவ” என்றார் அம்மா. விளக்கு ரப்பர் மரங்களுக்குள் போய்விட்டது.